படத்தில் ஒன்றுமில்லை

அத்தியாயம் 11

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சுயம்புலிங்கத்தின் ஜவுளிக்கடை மாடிப்படியை சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இடது கையில் ரவிக்கைத் துணிகளை அடுக்கிக்கொண்டு இறங்கிய மீனாட்சி, கடைசிக்கு மூன்று படி இருக்கும்போது வழுக்கினாள். வலது கை தானாக முன்னால் நீண்டு தரையில் ஊன்றிக்கொண்டது. மொத்த உடம்பும் அந்த ஒரு உள்ளங்கையின் மேல் இறங்கியது. துணி ஒன்றுகூட நனையவில்லை. அதற்காக அன்றைக்கு எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள்.

அது நடந்து ஐந்து வாரம். தீபாவளி வந்து போய், கார்த்திகையும் பிறந்துவிட்டது. வலி மட்டும் வந்த இடத்திலேயே இருந்தது.

தி. நகரில் அந்தக் கடைக்குப் பெயர் வந்ததே ரவிக்கையால்தான். புடவை எடுத்த மூன்றாம் நாள் ரவிக்கை தைத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். மாடியில் மூன்று பேர் மிஷின் மிதித்தாலும், அளவு பார்த்துத் துணி வெட்டுவது ஒரே ஆள். அந்த வீட்டு இளைய மருமகள் மீனாட்சி. மணிக்கட்டில் கைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு தீபாவளி முழுக்க வெட்டினாள். சம்பளம் கிடையாது. வீட்டுப் பெண்ணுக்குச் சம்பளம் கொடுப்பது கௌரவக் குறைச்சல் என்பது சுயம்புலிங்கத்தின் கட்சி. வேலை வாங்குவதில் அவருக்கு அந்தக் குறைச்சல் எதுவும் தோன்றியதில்லை.

இன்று திங்கட்கிழமை. சனிக்கிழமை மீனாட்சிக்கு சர்க்கார் நடத்தும் தையல் ஹையர் பரீட்சை. மூன்று மணி நேரத்துக்குள் அளவெடுத்து, வெட்டி, தைத்துக் காட்ட வேண்டும். தேறிவிட்டால் சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர் வேலை. அங்கே தலைமையாசிரியையாக இருக்கும் கன்னியாஸ்திரீ வாக்குக் கொடுத்திருக்கிறார். காலையில் தன் பாட்டுக்குப் பஸ் ஏறிப் போய், சாயங்காலம் தன் பாட்டுக்கு வரலாம். கல்யாணமாகி வந்த ஆறு வருஷத்தில் அவள் தனக்கென்று ஆசைப்பட்ட ஒரே காரியம் அதுதான்.

பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து, பெரிய கத்தரியை எடுத்து வைத்து வெட்டிப் பார்த்தாள். ஒரு சாண் போவதற்குள் கட்டைவிரலின் அடியில் ஊசி இறங்கியதுபோல் வலித்தது. கத்தரி நழுவிக் காகிதத்தின் மேலேயே விழுந்தது.

“என்னங்க, இந்தக் கைய மறுபடியும் டாக்டர்கிட்ட காட்டணும்.”

கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்த ஜவஹர் திரும்பவில்லை. நாற்பத்திரண்டாம் வருஷம் பிறந்த பிள்ளை என்று அப்பா ஆசையாக வைத்த பெயர். வீரம் பெயரோடு நின்றுவிட்டது. அண்ணன் சுயம்புலிங்கம் உட்கார் என்றால் உட்காருவான், நில் என்றால் நிற்பான்.

“அதான் அன்னைக்கே படம் எடுத்துப் பாத்தாச்சுல்லா. படத்துல ஒண்ணுமில்ல. வெறும் சுளுக்கு. மதினிகிட்டச் சொல்லி இன்னொரு தடவ நீவிக்கோ.”

“அஞ்சு வாரமா நீவிட்டுத்தான் இருக்காவ.”

“இன்னும் நாலு நாள் நீவட்டும். சனிக்கிழமைக்குள்ள சரியாயிரும்.”

அவன் சீப்பை வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். முடிவாகிவிட்ட விஷயத்தைப் பேச அவனுக்கு எப்போதுமே நேரம் இருக்காது.

மதினி என்று அவன் சொன்னது சுயம்புலிங்கத்தின் மனைவி தங்கத்தை. இரட்டைப் பெண் பெற்றவள் அவள். இரண்டு பேரையும் கட்டிக் கொடுத்து, ஒருத்தி கோவில்பட்டியிலும் ஒருத்தி சாத்தூரிலும் இருக்கிறார்கள். இரட்டை பெற்றவள் கை பட்டால் சுளுக்கு ஓடிவிடும் என்று அவர்கள் ஊர்ப் பக்கம் ஒரு நம்பிக்கை. பட்டணத்துக்காரர்கள் மட்டும் என்ன, அவர்களுக்கும் கழுத்துப் பிடித்தால் வலிக்கத்தானே செய்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக தி. நகரிலும் அந்தப் பேச்சு பரவிவிட்டது. பஸ் கண்டக்டர் வருவார். மயிலாப்பூரிலிருந்து பாங்கு ஆபீசர் மனைவி காமாக்ஷி மாமி ரிக்‌ஷா வைத்துக்கொண்டு வருவாள். தங்கம் விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி நீவுவாள். இடுப்பு என்றால் குப்புறப் படுக்கச் சொல்லி உலக்கையை உருட்டுவாள். வெற்றிலை பாக்கைத் தவிர யாரிடமும் எதுவும் வாங்கமாட்டாள்.

தங்கத்துக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கடை விஷயத்தில் வாயைத் திறந்தால், ‘உனக்கென்ன தெரியும்’ என்று புருஷனிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். ஊரில் நாலு பேர் அவள் பெயரைச் சொல்லித் தேடி வருவது இந்த ஒரு காரியத்துக்குத்தான். அந்த நாலு பேர் வரும்போது அவள் குரலே வேறு மாதிரி இருக்கும்.

“ஏட்டி மீனா, கையக் கொண்டா.”

கிண்ணத்தில் எண்ணெயோடு வந்து உட்கார்ந்துவிட்டாள் தங்கம். முழங்கையிலிருந்து கட்டைவிரல் வரை அழுத்தி நீவினாள். ஒவ்வொரு இழுப்புக்கும் மீனாட்சியின் தோள் துள்ளியது.

“அழுவாத. வலிச்சாத்தான் சுளுக்கு வழிக்கு வரும். இது என்ன சுளுக்கு, ஏட்டி, இப்படிப் பிடிவாதம் பிடிக்கு. இத்தன வருசத்துல என்கிட்ட மூணு நாளுக்கு மேல நின்ன சுளுக்கு கிடையாது.”

கடைசியாகக் கட்டைவிரலைப் பிடித்து வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தாள். மீனாட்சிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“நீ பயப்படாத. சனிக்கிழம நீ கத்தரி பிடிப்ப. நான் வடபழனிக்கு முடிஞ்சு வச்சிருக்கேன்.”

மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தது உண்மைதான். மீனாட்சியின் பரீட்சைக்காக அந்த வீட்டில் வேண்டிக்கொண்டவள் தங்கம் ஒருத்திதான். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

எண்ணெயைத் துடைத்துக்கொண்டு மீனாட்சி எழுந்தாள்.

“அக்கா, சாந்தோம் வரைக்கும் போயிட்டு வந்துருதேன். பரிச்சை விசயமா சிஸ்டரப் பாக்கணும்.”

“போயிட்டு வா. கைய ஆட்டாத.”

பொய்தான். முதலில் கையைப் பார்த்த டாக்டர் இருக்கும் லஸ்ஸில் அவள் பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

டாக்டர் சுந்தரராமனுக்கு அறுபது வயது இருக்கும். மேஜை மேல் ஸ்டெதாஸ்கோப்புக்குப் பக்கத்தில் வெள்ளி மூக்குப்பொடி டப்பி. மீனாட்சியின் கையைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போட்டுக்கொண்டார்.

“என்னம்மா, ஐப்பசி மாசம் வரணும்னு நான் சொன்னா நீ கார்த்திகையில வரே.”

அவளுக்கு அந்தப் பேச்சு விளங்கவில்லை.

“கட்டைவிரலை விறைப்பா நீட்டு. இன்னும் நன்னா. அங்க அடியில ஒரு பள்ளம் விழறது பாரு. அன்னிக்கும் நான் இங்கதான் அமுக்கினேன். கையூன்றி விழுந்தவா எல்லாரும் மணிக்கட்டைப் பிடிச்சுண்டுதான் வருவா. நான் முதல்ல இந்தப் பள்ளத்தைத்தான் பார்ப்பேன். என்னை மாதிரி பொடி போடறவா இதுலதான் பொடியைக் கொட்டிண்டு உறிஞ்சுவா. பொடிக்குழின்னு நானே பேர் வச்சிருக்கேன்.”

சொல்லிக்கொண்டே விரல் நுனியால் அந்தக் குழியில் அழுத்தினார். மீனாட்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

“சரி, சரி. உக்காரு. பக்கத்துல போய்ப் படம் எடுத்துண்டு வா. காயற வரைக்கும் நிக்க வேண்டாம், ஈரப் படமே போதும்.”

அடுத்த கட்டிடத்தில் எக்ஸ்ரே எடுப்பவர் வலியுல்லா. கையைக் கறுப்புத் தட்டில் வைத்து, பேனா பிடிப்பதுபோல் ஒரு தடவை, சாய்த்து ஒரு தடவை, நாலு விதமாக எடுத்தார்.

“மின்னாடியே ஒரு தபா உன் கைய எடுத்தமே, பேட்டி.” சின்னப் பெண்களை உருதுவில் மகளே என்று கூப்பிடுவது அவர் வழக்கம். “மறாநாள் உங்க வூட்டுக்காரர்தானே வந்து வாங்கிகினு போனாரு? டாக்டராண்ட ரொம்ப நேரம் பேசிக்கினு இருந்தாரே.”

“ஆமா” என்றாள் மீனாட்சி. ரொம்ப நேரம் என்ன பேசினார் என்று அப்போதுதான் அவளுக்குக் கேட்கத் தோன்றியது. ஆனால் அதை வலியுல்லாவிடம் எப்படிக் கேட்பது?

தண்ணீர் சொட்டச் சொட்ட இருந்த படத்தை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“இதோ, முந்திரிப்பருப்பு மாதிரி ஒண்ணு தெரியறதே, அந்த எலும்பு. நடுவுல குறுக்க ஒரு கறுப்புக் கோடு. முறிவு.”

“முதல்ல எடுத்த படத்துல ஒண்ணுமில்லையே, டாக்டர்?”

“இருக்காது. இந்த எலும்பு முறிஞ்சா அன்னிக்கே படத்துல தெரியணும்னு அவசியம் இல்லை. பத்து நாள், ரெண்டு வாரம் கழிச்சுதான் பல பேருக்குத் தெரியும். அதுக்குத்தானே அன்னிக்கே சொன்னேன்.”

“என்கிட்டயா?”

“உங்க ஆத்துக்காரர்கிட்ட. படத்தைக் கொண்டுவந்து காட்டினாரோன்னோ. படத்துல ஒண்ணும் தெரியலை, ஆனா குழியில வலி இருக்கு, அதனால முறிவுன்னே வச்சுண்டு மாவுக்கட்டுப் போட்டுடணும், உடனே அழைச்சுண்டு வாங்கோ, பத்து நாள் கழிச்சு இன்னொரு படம் எடுப்போம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். தலையை ஆட்டிட்டுப் போனார். அவர் உன்கிட்ட சொல்லலையா?”

மீனாட்சி ஜன்னலைப் பார்த்தாள். படத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது.

“சொன்னாங்க, டாக்டர். நான்தான் வரல. தீபாவளிக்குக் கடையில துணி வெட்டிட்டு இருந்துட்டேன்.”

கட்டியவனை மூன்றாம் மனிதர் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த நாக்கு அது. அவளைக் கேட்காமலே பேசிவிட்டது.

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. வர வேண்டியதுதான்.

“பொம்மனாட்டிகளே இப்படித்தான். வீட்டுல அத்தனை பேருக்கும் வைத்தியம் பார்ப்பேள், உங்க உடம்புன்னா அலட்சியம். யாராவது நீவினாளா?”

“கொஞ்சம் எண்ணெய் தேச்சாங்க.”

“நீவினது நல்லதில்லைதான். ஆனா பெரிய தப்பு அதில்லை. கட்டுப் போடாம விட்டதுதான் தப்பு. இந்த எலும்புக்கு ரத்தம் ஒரு முனையிலேர்ந்துதான் போறது. அசையாம வச்சாலே ஒட்ட நாளாகும். நீ கத்தரியை வேற பிடிச்சிண்டிருந்திருக்கே. அன்னிக்கே கட்டியிருந்தா இந்நேரம் பாதி ஒட்டியிருக்கும்.”

“சனிக்கிழமை எனக்குப் பரீட்சை, டாக்டர்.”

“இடது கையால எழுதேன். இல்லேன்னா சொல்லி எழுதற ஆள் கேக்கலாம்.”

“எழுதற பரீட்சை இல்ல. துணி வெட்டித் தைக்கற பரீட்சை.”

அவர் பொடி டப்பியைத் திறந்தார். போட்டுக்கொள்ளாமலே மூடினார்.

“பன்னெண்டு வாரம் கட்டு. அதுக்கப்புறமும் சேரலேன்னா, இடுப்பு எலும்புலேர்ந்து துளி சீவி எடுத்து நடுவுல வச்சு ஆபரேஷன் பண்ணணும். அதுக்கப்புறம்தான் கத்தரியைப் பத்திப் பேசலாம். மூணு வாரம் கழிச்சு வா. வரச்சே வீட்டுல பெரியவா யாரையாவது அழைச்சுண்டு வா. உன்னை நம்பி இனிமே நான் சொல்றதா இல்லை.”

முழங்கைக்குக் கீழிருந்து உள்ளங்கை வரை, கட்டைவிரலையும் சேர்த்து மாவுக்கட்டு ஏறியது. ஈரமாக இருந்தபோது லேசான சூடு. காயக் காயக் கனம்.

ரிக்‌ஷாக்காரன் அவளை ஏற்றிக்கொள்ளும்போதே கட்டைப் பார்த்துவிட்டான்.

“இன்னாம்மா, கைய ஒட்ச்சிக்கினியா? பாத்து குந்து. ரோடு பூரா பள்ளமா கீது. நான் மெதுவா இட்டுகினு போறேன்.”

இன்று முழுக்க அவளிடம் ‘மெதுவா’ என்று சொன்ன முதல் ஆள் அவன்தான். அதற்காகவே அழுகை வந்தது. பனகல் பார்க் வரும்வரை அழுதாள். பிறகு இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் கடை வாசலில் இறங்கினாள்.

கடைக்குப் பின்னால் சரக்கு அறை. ஜவஹர் அங்கே தனியாக நின்று ஒரு பொதியைப் பிரித்துக்கொண்டிருந்தான். கட்டைப் பார்த்தான். ‘ஐயோ, என்ன ஆச்சு’ என்று கேட்கவில்லை.

“டாக்டர் என்ன சொன்னாரு?” என்றான்.

அந்தக் கேள்வியிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வழியெல்லாம் ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த சந்தேகம்கூட, டாக்டர் ஆள் மாறிச் சொல்லியிருப்பாரோ என்ற அந்த அற்ப ஆறுதல்கூட, அத்தோடு போயிற்று.

“அன்னைக்கு உங்ககிட்ட என்ன சொன்னாரோ அதத்தான் சொன்னாரு.”

அவன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றான்.

“நான் பொய் சொல்லல, மீனாட்சி. படத்துல ஒண்ணுமில்லன்னுதான் அவரும் சொன்னாரு.”

“மிச்சத்த யாரு முழுங்குனா?”

“மெதுவாப் பேசு. தீபாவளிக்கு இருவது நாள் இருந்துச்சு. நீ கையக் கட்டிட்டு உக்காந்தா ரவிக்க யாரு வெட்டுவா? அண்ணன் என்கிட்ட என்ன சொல்லியிருந்தாரு தெரியும்லா. இந்தத் தீபாவளி நல்லா ஓடிட்டா, தைப்பூசத்துக்கு அடையாறுல தொறக்கப் போற கடை எனக்குத்தான். கடைக்கு மேல வீடு. தனி அடுப்பு. யாருக்காக? நமக்காகத்தான?”

“தீபாவளி முடிஞ்சு பதினஞ்சு நாளாச்சு.”

“அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சிட்டுச் சொல்ல? மதினியும் நீவிட்டு இருந்தாவ. நீயும் ஒரு நாள் கொஞ்சம் தேவலன்னு சொன்ன. அப்படியே சரியாயிரும்னு நெனச்சேன்.”

“இன்னைக்குக் காலையிலகூட அவியகிட்டப் போய் நீவச் சொன்னீங்க. முறிஞ்சிருக்கும்னு தெரிஞ்சே சொன்னீங்க.”

மாட்டிக்கொண்டபோது ஆண்பிள்ளைகள் செய்வதை அவனும் செய்தான். குரலைத் தணித்துக்கொண்டு நியாயம் பேசினான்.

“பரிச்ச அடுத்த வருசமும் வரும். அடையாறு கடை அடுத்த வருசம் வருமா? அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிராத. நான் மறச்சேன்னு தெரிஞ்சா அவரு என்னைய உள்ள சேக்க மாட்டாரு. உன் கையும் போயி கடையும் போனா நாம எங்க போறது?”

மீனாட்சிக்கு அவன் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அதைவிட அருவருப்பு, அவன் கணக்கு சரியாக இருந்தது. பள்ளிக்கூடத்து வேலை சனிக்கிழமையோடு வேறு யாருக்கோ போய்விடும். சேருமா சேராதா என்று தெரியாத ஒரு கையோடு இனி அவளுக்கு அந்த வீட்டை விட்டு வெளியேற இருந்த ஒரே கதவு அடையாறுதான். அதன் சாவியை இந்த மனுஷனிடம்தான் வாங்கியாக வேண்டும்.

திரும்பி வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் காமாக்ஷி மாமி கழுத்துப் பிடிப்போடு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். தங்கம் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தவள், மீனாட்சியின் கட்டைப் பார்த்து அப்படியே நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள், சாப்பாட்டுக்காக சுயம்புலிங்கம் உள்ளே வந்தார். பின்னாலேயே ஜவஹர்.

“என்ன இது?”

“எலும்பு முறிஞ்சிருக்காம், அத்தான். பன்னெண்டு வாரம் கட்டு.”

“பன்னெண்டு வாரமா? அப்ப பொங்கலுக்கு யாரு வெட்டுவா?”

அவர் தம்பி பக்கம் திரும்பினார்.

“ஏலே, சுளுக்குன்னுல்லா சொன்ன?”

ஜவஹர் தரையைப் பார்த்தான். “படத்துல ஒண்ணுமில்லண்ணே. நீங்களும் பாத்தியள்லா.”

உண்மைதான். அந்தப் படத்தை சுயம்புலிங்கமும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தார். அவர் பார்த்த ஒன்று தப்பாக இருக்க வழியில்லை. ஆகவே தப்பு வேறு எங்கேயாவது இருக்க வேண்டும். அது கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு எதிரிலேயே நின்றது.

“அப்ப முழுசா இருந்த எலும்ப நீதான் முறிச்சிருக்க” என்றார் மனைவியிடம். “உருவி உருவி முறிச்சிருக்க. ரெட்ட பெத்துட்டாளாம், பெரிய வைத்தியச்சி.”

“நான் சுளுக்குன்னு…”

“உனக்கென்ன தெரியும்? உனக்கு என்ன எழவு தெரியும்னு அடுத்தவ கையில வெளையாடுத?”

காமாக்ஷி மாமி கழுத்தை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“நான் இன்னொரு நாள் வரேன், தங்கம்.”

“இனிமே வர வேண்டாம், மாமி” என்றார் சுயம்புலிங்கம். “வெளியில நாலு பேருகிட்டயும் சொல்லிருங்க. இந்த வீட்ல இன்னையோட அந்த வேல நின்னு போச்சு.”

மாமி தங்கத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அந்த வீட்டுக்குள் மரியாதையாகக் காலெடுத்து வைத்து, தங்கத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற ஒருத்தி அப்படிப் போனாள். தங்கம் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, இலை போட உள்ளே போனாள். புருஷன் திட்டினால் பதிலுக்கு முணுமுணுக்கிறவள் இன்று அதைக்கூடச் செய்யவில்லை.

மீனாட்சி ஜவஹரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரும் என்று பார்த்தாள். அவன் கை கழுவப் போனான்.

சாப்பிடும்போது சுயம்புலிங்கம் இன்னொன்றும் சொன்னார்.

“மறுபடி எப்ப வரச் சொன்னாரு டாக்டர்?”

“மூணு வாரம் கழிச்சு, அத்தான். பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வரச் சொன்னாரு.”

“நானே வாறேன். அவருகிட்ட நேருல கேக்கணும், இவ நீவுனதுலதான் முறிஞ்சிச்சான்னு. தெரிஞ்சிக்கணும்லா.”

ஜவஹரின் கை சோற்றுக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு கணம் நின்றது. பிறகு அவன் மோர் கேட்டான்.

ஆண்கள் சாப்பிட்டு முடிக்க இரண்டு மணி தாண்டிவிட்டது. சுயம்புலிங்கம் கடைக்குப் போய்விட்டார். ஜவஹர் போகவில்லை. அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதுபோல் தடவிக்கொண்டே நின்றான். காவல் நிற்கிறான் என்பது மீனாட்சிக்குத் தெரிந்தது.

தட்டின் முன்னால் உட்கார்ந்து அவள் இடது கையைச் சோற்றில் வைக்கப் போனாள்.

“எடக்கையால திங்காத. இங்க கொண்டா.”

தங்கம் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். வத்தக் குழம்பை ஊற்றி, நெய் விட்டு, குழந்தைக்குப் பிசைவதுபோல் பிசைந்தாள். ஒரு கவளம் உருட்டி ஊட்டினாள். மீனாட்சி வாங்கிக்கொண்டாள். அந்த விரல்களில் இன்னும் விளக்கெண்ணெய் வாடை இருந்தது.

“வலிக்கா, ஏட்டி?”

“இல்லக்கா.”

“வலிக்கும். எனக்குத் தெரியாதா.” இரண்டாவது கவளத்தை ஊட்டிவிட்டு அவள் தட்டையே பார்த்துக்கொண்டு பேசினாள். “நீ ஒவ்வொரு நாளும் துடிச்ச. துடிக்கத் துடிக்க நான் அழுத்துனேன். வலிச்சாத்தான் சரியாகும்னு சொன்னேன் பாரு, இந்த வாயாலதான் சொன்னேன். உன் பரிச்சயக் கெடுத்தவ நான்தான். நீ இந்த வீட்ட விட்டுக் கெளம்பி ஒரு வேலைக்குப் போயிருப்ப. அத என் கையால முறிச்சிட்டேன்.”

மீனாட்சி நிமிர்ந்தாள். நிலையில் நின்றவன் தடவுவதை நிறுத்தியிருந்தான். அவன் கண்கள் கெஞ்சின. அந்தக் கண்களில் அவளுக்காக ஒன்றும் இல்லை. கடை இருந்தது, கடைக்கு மேல் வீடு இருந்தது, தனி அடுப்பு இருந்தது. அவளும் அதையெல்லாம் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை என்பதுதான் கொடுமை.

‘நீங்க ஒண்ணும் பண்ணலக்கா, இவியதான் டாக்டர் சொன்னத மறச்சிட்டாவ.’ அவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். சொன்னால் தங்கத்தின் தலை நிமிரும். நாளைக்குக் காமாக்ஷி மாமி திரும்பி வருவாள்.

“எங்கம்மா சொல்லுவா, ரெட்ட பெத்தவ கை தப்புப் பண்ணாதுன்னு” என்றாள் தங்கம். “அத நம்பிட்டேன், கிறுக்கி. இனிமே யாரு உடம்பையும் தொடமாட்டேன். சத்தியமாத் தொடமாட்டேன். நீ ஏதாச்சும் சொல்லு, மீனா. வாயில வந்தத ஏசு. பேசாம மட்டும் இருக்காத.”

அவள் அடுத்த கவளத்தை உருட்டி நீட்டிக்கொண்டிருந்தாள். அதிலிருந்து இரண்டு பருக்கை மாவுக்கட்டின் மேல் உதிர்ந்தது.

மீனாட்சி வாயைத் திறந்தாள். சோற்றை வாங்கி, மென்று விழுங்கிவிட்டு, அடுத்த கவளத்துக்குக் காத்திருந்தாள்.